நீண்ட ஒப்பரேஷனுக்கு மயக்கம் ஊசியிலா, வாயுவிலா? திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

அம்மாவின் முள்ளந்தண்டு ஒப்பரேஷனுக்கு முதலில் தந்த திகதியில் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தோம். விடிய மூன்று மணிக்கு உப்புவெளியில் வேன் ஏறி, வெளி மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் வாட்டில் சேர்த்தோம். மறுநாள் காலை தியேட்டருக்குக் கொண்டுபோகிற நேரம் மயக்க மருந்து டொக்டர் வந்து கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"குளோபிடோகிரெல் எப்ப நிப்பாட்டினீங்க?"

நானும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நிப்பாட்டவே இல்லை. ஏழு நாளைக்கு முன் நிறுத்தும்படி முந்திய கிளினிக்கில் ஒரு சிட்டையில் எழுதித் தந்திருந்தார்கள், சிங்களத்தில். எங்கள் வீட்டில் சிங்களம் கதைப்போம், வாசிக்க மாட்டோம். அடுத்த கிளினிக் திகதி என்று நினைத்து அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்திருந்தோம். இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை உடம்பில் இருக்கும்போது முள்ளந்தண்டைத் திறக்க முடியாது. புதுத் திகதி ஆறு கிழமை கழித்துத்தான் கிடைத்தது.

அந்த ஆறு கிழமையில் கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே வருடம் சித்தப்பாவுக்குக் குடலில் ஒரு நீண்ட ஒப்பரேஷன் நடந்தது. அம்மாவுக்கு மயக்கம் முழுக்க ஊசி வழி, சித்தப்பாவுக்கு வாயு. அதனால் தெருவில் காண்கிறவர்கள் எல்லாரும் "எது நல்லது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் டொக்டர் இல்லை. முடிவை எடுக்கிறவர் மயக்க மருந்து நிபுணர். ஆனால் அவர் சரியான முடிவு எடுக்கத் தேவையான தகவலில் பாதி உங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளும் உங்கள் வாயிலும்தான் இருக்கிறது.

1. பெயர்க் குழப்பத்தை முதலில் தீருங்கள்

எங்கள் பக்கம் "ஊசி போட்டு மயக்கினது" என்றால் பலரும் முதுகில் போடுகிற விறைப்பு ஊசியைத்தான் சொல்வார்கள். அது வேறு. அதில் இடுப்புக்குக் கீழே விறைக்கும், ஆள் விழித்திருப்பார், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் விறைப்பு விட்டுவிடும். ஐந்து, எட்டு மணித்தியாலம் போகிற ஒப்பரேஷனுக்கு அது மட்டும் போதாது. நான் இங்கே சொல்வது முழு மயக்கத்தைப் பற்றி.

முழு மயக்கத்தை நீட்டிவைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கையில் இரத்தநாளத்துக்குள் குத்திவைக்கிற மெல்லிய குழாய் (கனுலா) வழியாக மருந்தைப் பம்பில் விடாமல் ஏற்றிக்கொண்டிருப்பது. பெரும்பாலும் புரொபோஃபோல் என்ற பால் நிற மருந்தும், கூடவே ஃபென்டனில் அல்லது ரெமிஃபென்டனில் போன்ற வலிமருந்து ஒன்றும் ஓடும். டொக்டர்மார் இதை டிவா என்பார்கள். மற்றது, செவோஃபுளூரேன், ஐசோஃபுளூரேன், டெஸ்ஃபுளூரேன் போன்ற திரவம் ஒன்றை ஆவியாக்கி ஒக்சிசனோடு கலந்து மூச்சில் கொடுப்பது.

மூன்று தப்பெண்ணங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாயு மயக்கம் என்றால் ஊசியே இல்லை என்று நினைக்காதீர்கள். பெரியவர்களுக்கு முதலில் நித்திரையாக்குவது அநேகமாக அதே பால் நிற ஊசிதான், நித்திரையான பிறகு வாயுவுக்கு மாறுவார்கள். ஊசி மயக்கம் என்றால் தொண்டைக்குள் குழாய் வராது என்பதும் பிழை. நீண்ட ஒப்பரேஷனில் இரண்டிலும் குழாய் உண்டு, மெஷின் மூச்சு உண்டு. ஒரு தரம் ஊசி போட்டுவிட்டு டொக்டர் போய்விடுவார் என்பதும் இல்லை. எந்த வழியானாலும் முடியும்வரை தலைமாட்டில் ஆள் இருப்பார்.

2. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்

வாயுவின் பெரிய வசதி, அதை அளக்க முடிவது. நோயாளி வெளியே விடுகிற மூச்சில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் எண் வரும். செவோஃபுளூரேன் என்றால் சுமார் 2 வீதம், ஐசோஃபுளூரேன் சுமார் 1.2, டெஸ்ஃபுளூரேன் சுமார் 6 என்று நடுத்தர வயதுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அளவில், வெட்டும்போது பாதிப்பேர் அசையமாட்டார்கள். அதை வைத்துக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

ஊசியில் அப்படி இல்லை. இரத்தத்தில் இந்த நிமிடம் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று காட்டுகிற கருவி தியேட்டரில் கிடையாது. பம்பு வயது, நிறை, உயரம் மூன்றையும் வாங்கிக் கணக்குப் போட்டுத்தான் மருந்தை ஓட்டுகிறது. அதனால்தான் சொல்கிறேன், நிறையைச் சரியாகச் சொல்லுங்கள். அம்மாவின் கொப்பியில் 58 கிலோ என்று இருந்தது. யாரோ எப்போதோ எழுதியது, அதையே எல்லாரும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். போகும் கிழமை பார்மசித் தராசில் ஏற்றினோம், 66!

இன்னொரு விஷயம், கனுலா. ஒப்பரேஷன் நேரம் கை துணிக்குக் கீழே மறைந்துவிடும். கனுலா இரத்தநாளத்திலிருந்து விலகினால் மருந்து சதைக்குள் போகும், மயக்கம் குறையும். இதற்காகத்தான் ஊசி மயக்கத்தோடு தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கும்போது நெற்றியில் ஒட்டுகிற மூளை அலை மானியை வைக்கச் சொல்கிறார்கள். பிஸ் என்ற வகையில் 40க்கும் 60க்கும் இடையில் எண் நின்றால் ஆழம் சரி. "இடையில முழிப்பு வந்திடுமோ" என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முழு மயக்கத்தில் அப்படி நடந்ததாக நோயாளிகள் சொன்னது சுமார் 19,000 பேரில் ஒருவர். மிக அரிது, ஆனால் பூச்சியம் அல்ல. முன்பு உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஊசியின் பெரிய வசதி சத்தி குறைவது. வாயு மயக்கத்துக்குப் பின் ஓங்காளம் கூடுதலாக வரும், புரொபோஃபோலில் குறையும். வராமலே போகும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.

எழும்புவதில்? ஐசோஃபுளூரேன் கொழுப்பில் மெல்லச் சேர்கிறது, பல மணித்தியாலம் ஓடினால் வெளியேற நேரம் எடுக்கும். செவோஃபுளூரேன் அதைவிட விரைவு, டெஸ்ஃபுளூரேன் இன்னும் விரைவு. புரொபோஃபோலும் நீண்ட நேரம் ஓடினால் உடம்பில் தேங்கத்தான் செய்யும். ரெமிஃபென்டனில் மட்டும் எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் நிறுத்திச் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். ஆகவே அதை நிறுத்துமுன் வேறு வலிமருந்து கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எழும்பும்போதே நோ பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் தையல் போடத் தொடங்கும்போதே டொக்டர் அளவைக் குறைத்துக்கொண்டு வருவார். நோயாளிக்குத் தெரிகிற வித்தியாசம் சில நிமிடங்கள்தான். "வாயு குடுத்தா ரெண்டு நாள் எழும்பமாட்டினம்" என்று கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் எனக்குச் சொன்னார். சித்தப்பா ஐந்து மணித்தியால வாயு மயக்கத்துக்குப் பிறகு அன்று பின்னேரமே தன் செருப்பு எங்கே என்று கேட்டார்.

உயிர் ஆபத்தில் எது குறைவு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். இருதய பைபாஸ் செய்த 5,400 பேரில் வாயுவையும் ஊசியையும் ஒப்பிட்ட பெரிய சர்வதேச ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. ஒரு வருடத்தில் இறந்தவர்களின் வீதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பணம் கூடின வழி உயிரைக் காக்கும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. எந்த இடத்தில் எதன் பக்கம் சாய்வார்கள்

அம்மாவுக்கு ஊசி வழியைத் தெரிவு செய்ததற்கு முதல் காரணம் முள்ளந்தண்டு. ஒப்பரேஷன் நடக்கும்போதே காலுக்குப் போகிற நரம்பு வேலை செய்கிறதா என்று மின்சமிக்ஞை அனுப்பிப் பார்ப்பார்கள். வாயு மருந்து அந்தச் சமிக்ஞையை மங்கவைக்கும், புரொபோஃபோல் அவ்வளவு மங்கவைக்காது. மூளை ஒப்பரேஷன் சிலவற்றிலும் இதே கதை.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் காய்ச்சல் தீயாக ஏறி, உடம்பு விறைத்து ஆபத்தாகியிருந்தால் வாயுவே கூடாது. பரம்பரையாக வருகிற ஒரு தசைக் குறைபாடு அது. வாயு மருந்துகளும் சக்ஸமெத்தோனியம் என்ற ஊசியும் அதைத் தூண்டும். புரொபோஃபோல் தூண்டாது. "பெரியம்மா தியேட்டர்லயே முடிஞ்சா" என்று வீட்டில் ஒரு பழைய கதை இருந்தால் அதை மூடிவைக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாயு வசதி. முகமூடி வைத்தே நித்திரையாக்கிவிட்டு அதன் பிறகு கனுலா போடலாம். செவோஃபுளூரேன் மூக்கை அரிக்காது, மற்ற இரண்டும் காரமான மணம், முகமூடிக்கு உதவாது. ஆனால் செவோஃபுளூரேனில் எழும்பும் பிள்ளை கொஞ்ச நேரம் காரணமில்லாமல் கத்தி அழுவது உண்டு. பயப்படவேண்டாம், அடங்கிவிடும்.

கனுலா போட இரத்தநாளம் கிடைக்காத கை உள்ளவருக்கும், பம்பு, மூளை அலை மானி போதாத இடத்திலும் வாயுதான் நடைமுறை. நாங்கள் போன இடங்களில் பார்த்தது, வாயுதான் பொதுவழி, ஊசி வழி காரணம் இருந்தால். அதைக் குறைவான சிகிச்சை என்று எடுக்காதீர்கள்.

4. கோப்பு ஒன்று தயாரியுங்கள்

பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, உள்ளே தனித்தனி உறைகள். அடையாள அட்டையும் இரண்டு போட்டோகொப்பியும். கிளினிக் கொப்பி. திருகோணமலையில் எழுதித் தந்த மாற்றுக் கடிதம். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களும் அவற்றின் அறிக்கைகளும். படத்தைக் கொண்டுபோய் அறிக்கையை வீட்டில் விடுகிறவர்கள்தான் கூட. ஈசிஜி, எக்கோ. இரத்தப் பரிசோதனைகள் திகதி வரிசையில். ஒவ்வாமை இருந்தால் மருந்தின் பெயர் எழுதின அட்டை. பிள்ளையானால் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய ஒப்பரேஷன்களின் டயக்னோசிஸ் அட்டை, வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் எழுதித் தருவது. 2009இல் அம்மாவுக்குக் கருப்பை எடுத்தபோது கிடைத்த அட்டையை நான் சாமி அறையில் பஞ்சாங்கத்துக்கு அடியில் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிந்து, மை மங்கி இருந்தது. அதில் ஒரு மூலையில் "கடும் சத்தி" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியைப் பார்த்துத்தான் டொக்டர் ஊசி வழியை உறுதி செய்தார். அட்டை கிடைக்காவிட்டால் ஒப்பரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பகுதியில் பெயர், திகதி, வாட்டு இலக்கம் சொல்லிக் கேளுங்கள். நேரம் எடுக்கும், மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள்.

இரத்தப் பரிசோதனையை அவசரப்பட்டுத் தனியாரில் செய்யவேண்டாம். நாங்கள் செய்து கொண்டுபோனது பழசாகிவிட்டது என்று திரும்பவும் எடுத்தார்கள், கொடுத்த காசு போனதுதான் மிச்சம். எது, எப்போது என்று கிளினிக்கில் கேட்டு எடுத்தால் ஒருமுறையோடு போகும்.

5. மயக்க மருந்து கிளினிக்கில் ஒளிக்கக் கூடாதவை

ஒப்பரேஷன் செய்கிற டொக்டரின் கிளினிக் வேறு, இது வேறு. இதைத் தவறவிட்டால் காலையில் தியேட்டர் வாசலில் வைத்துத்தான் பிரச்சினை வெளிவரும். திகதி போடாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இங்கே சித்தப்பாவின் கதை. நாற்பது வருட வெற்றிலை. டொக்டர் கேட்டதற்கு "எப்பவாவது ஒரு வாய்" என்றார்.

"வாயைத் திறங்க ஐயா."

திறந்தார்.

"இன்னும் திறங்க."

"இவ்வளவுதான் மிஸ்."

டொக்டர் தன் விரல்களை நெடுக்காக வைத்துப் பார்த்தார். மூன்று விரல் போகவேண்டிய இடத்தில் இரண்டு விரலே இறுக்கமாகத்தான் போனது. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறம் தோல்போல இறுகிப்போயிருந்தது. நித்திரையாக்கிவிட்டு வாய் வழியாகக் குழாய் போட முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! இதனால் அவருக்கு விழித்திருக்கும்போதே மூக்கை விறைக்கவைத்து, மெல்லிய கமராவின் மேல் குழாயை ஏற்றிப் போட்டார்கள். அதன் பிறகுதான் மயக்கம். வாயுவா ஊசியா என்று நாங்கள் வீட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், டொக்டருக்குப் பெரிய தலையிடி அந்த இரண்டு விரல் இடைவெளி.

ஆகவே வெற்றிலை, சிகரெட், குடி மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். சிகரெட்டை நான்கு கிழமைக்கு முன்பே விட்டால் நல்லது. ஆடும் பல், கட்டுப்பல், ஒட்டின பல் எல்லாம் சொல்லவேண்டும்.

சத்தி வருமா என்று அவர்கள் கணிக்கிற முறை எளிது. பெண்ணா, சிகரெட் பிடிக்காதவரா, முன்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு சத்தி எடுத்தாரா அல்லது பயணத்தில் தலைச்சுற்று வருகிறவரா, பின்னால் கடும் வலிமருந்து தேவைப்படுமா. நான்கும் இருந்தால் சத்திக்கு ஏறக்குறைய 80 வீத வாய்ப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் 10 வீதம். அம்மாவுக்கு நான்கும். கொழும்பு பஸ்ஸில் ஹபரணை தாண்டுமுன்னே சொப்பிங் பாக்கைக் கேட்கிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், அதைக்கூட டொக்டரிடம் சொல்லுங்கள். சிரிக்கமாட்டார், எழுதிக்கொள்வார்.

மூச்சுத் தாங்குமா என்பதை "இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீங்களா?" என்று கேட்பார்கள். நம் ஊரில் மாடி ஏறாத அம்மாமாருக்கு அது விளங்காது. கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில்வரை நிற்காமல் நடப்பாரா, இடையில் மான்களைப் பார்க்கிற சாட்டில் மூச்சு வாங்க நிற்பாரா என்று நீங்கள் முன்பே கவனித்துவைத்தால் நேர்மையாகப் பதில் சொல்லலாம். இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதையும் பக்கத்தில் படுக்கிறவர்தான் சொல்லமுடியும்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் புரொபோஃபோலுக்குப் பயப்படுவார்கள். அந்த மருந்தில் சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவின் ஒரு கூறும் இருப்பது உண்மை. ஆனால் முட்டை ஒவ்வாமை மட்டும் இருந்தால் அதைத் தவிர்க்கத் தேவையில்லை என்பதுதான் இப்போதைய நிலை. சொல்லிவையுங்கள், முடிவு அவர்களுடையது.

6. குளிசைக் கணக்கு

நாங்கள் விழுந்த குழி இது. ஒவ்வொரு குளிசையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கிளினிக்கில் வைத்தே ஒவ்வொன்றுக்கும் எதிரே "எந்தத் திகதியோடு நிறுத்துவது" அல்லது "காலையிலும் போடுவது" என்று எழுதுவியுங்கள். தமிழில் நீங்கள் எழுதுங்கள், அவர்களிடம் திரும்ப வாசித்துக் காட்டுங்கள்.

பொதுவாக எதைக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல், வார்ஃபரின் பல நாளைக்கு முன் நிறுத்தப்படும். அஸ்பிரினைச் சிலருக்குத் தொடரச் சொல்வார்கள், சிலருக்கு நிறுத்தச் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கான எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சுமார் மூன்று நாளைக்கு முன் நிறுத்தப்படும், மெட்ஃபோமினும் இன்சுலினும் ஆளுக்கு ஆள் மாறும். லொசார்டன், எனலாப்ரில் போன்ற பிறஷர் குளிசையை அன்று காலை நிறுத்தச் சொல்வது வழக்கம். அட்டெனலோல், பிசோப்ரோலோல் வகையை நிறுத்தவே கூடாது, திடீரென்று விட்டால் இருதயம் துள்ளும். ஆஸ்துமா பம்பும் தொடரும். நீங்களாக ஒன்றையும் நிறுத்தவேண்டாம், நீங்களாக ஒன்றையும் தொடரவும் வேண்டாம். நாட்டு மருந்து, கசாயம், லேகியம் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள்.

7. காசு எங்கே போகும்

அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனும் மயக்க மருந்தும் இலவசம். ஊசி வழி என்பதற்காக மேலதிகமாகக் கட்டச் சொல்லமாட்டார்கள். கையிருப்பு இல்லாத மருந்து அல்லது பொருளை வெளியே வாங்கச் சொல்வது மட்டும் நடக்கலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள்.

எங்கள் காசு போனது பாதையில். திருகோணமலையிலிருந்து கண்டி சுமார் 180 கிலோமீற்றர், கொழும்பு சுமார் 260. கிளினிக், பரிசோதனை, சேர்ப்பு, பார்வையிடல், துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) கூட்டிவருவது, தையல் பார்ப்பது என்று ஆறேழு பயணம். முதல் கிளினிக்குகளுக்குப் பஸ்ஸோ கொழும்பு இரவு ரயிலோ போதும். வேனைச் சேர்க்கிற நாளுக்கும் திரும்புகிற நாளுக்கும் வைத்திருங்கள். நிற்கிற ஆளின் அறை வாடகையும் சாப்பாடும் ஒரு கிழமைக்கு என்று கணக்குப் போட்டு, அதைப் போல் இன்னொரு பாதியைச் சேருங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஒப்பரேஷன் டொக்டர் கட்டணம், மயக்க மருந்து டொக்டர் கட்டணம், தியேட்டர் மணிக்கணக்கு, மருந்தும் ஒருமுறைப் பொருட்களும், தீவிர சிகிச்சைப் பிரிவு நாட்கணக்கு என ஐந்து வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே தொகையாகச் சொன்னால் நான்காவது வரி பிறகு வீங்கும்.

அந்த வரி ஏன் வீங்குகிறது என்று ஒரு கணக்கு. 60 கிலோ ஆளுக்கு மணிக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்று புரொபோஃபோல் ஓடினால் மணிக்கு 360 மில்லிகிராம். 20 மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் 200 மில்லிகிராம். எட்டு மணித்தியாலத்துக்குப் பதினான்கு, பதினைந்து குப்பி, அதற்குமேல் வலிமருந்து, பம்பு வயர், ஊசிக்குழல், நெற்றி ஒட்டி. வாயுவில் செவோஃபுளூரேன் 2 வீதம், நிமிடத்துக்கு ஒரு லீற்றர் புதுக்காற்று என்றால் மணிக்கு சுமார் 6 மில்லிலீற்றர் திரவம், எட்டு மணித்தியாலத்துக்கு 50 மில்லிலீற்றர் அளவு. அது வருகிற போத்தல் 250 மில்லிலீற்றர். விலையை அன்றைக்கு அங்கே கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

உதவிக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், 2025இலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஒப்பரேஷனுக்கு முன்பே போய் என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தபின் ஓடாதீர்கள். அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. மூல ரசீதுகள் தொலைந்தால் அதுவும் இல்லை.

8. கடைசி இரண்டு நாள்

காய்ச்சல், சளி, இருமல் வந்தால் வேன் ஏறுமுன் வாட்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள். ஆறு மணித்தியாலம் ஓடிப்போய்த் திரும்புவதைவிட ஒரு அழைப்பு மலிவு.

சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிற்கவேண்டும். தண்ணீர், பால் விடாத பிளேன்டீ இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை பொதுவாகச் சரி, ஆனால் வாட்டில் சொல்லும் நேரமே உங்கள் நேரம். பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு! பக்கத்துக் கட்டில் அக்கா பாவம் பார்த்துக் கொடுத்த அரைக் கப் பால் தேத்தண்ணியால் ஒரு பெண்ணின் ஒப்பரேஷன் தள்ளிப்போனதை நேரே பார்த்தேன்.

நகப்பூச்சு, கருநிற மருதாணி வேண்டாம். விரலில் மாட்டுகிற ஒக்சிசன் மானி அதனால் குழம்பலாம். நகை எல்லாம் வீட்டில். தாலிக்கொடி பற்றி முந்திய நாளே கதைத்துவிடுங்கள். இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பாவிப்பதால் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. அம்மா காலையில் கழற்றமாட்டேன் என்று அழுதார். கடைசியில் ஒரு நேர்ஸ் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு, "இது இருக்கட்டும் அம்மா" என்று தமிழில் சொன்னார். கொடியை நான் என் சட்டைப் பைக்குள் ஏழு மணித்தியாலம் வைத்திருந்தேன்.

சம்மதக் கையெழுத்தை விளங்காமல் போடாதீர்கள். தமிழ் ஃபோம் கேளுங்கள், இல்லாவிட்டால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது, இரண்டாவது வேனைவிடப் பிரயோசனம்.

9. உள்ளே போனதும், வெளியே வந்ததும்

புரொபோஃபோல் ஏறும்போது கை எரியும். அது சாதாரணம், சிலவேளை விறைப்பு மருந்து கொஞ்சம் முன்னால் கொடுப்பார்கள். நோயாளியிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பிழையான மருந்து ஏற்றிவிட்டார்கள் என்று பதறுவார். மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் நெறி எடுத்த பக்கக் கையில் கனுலா போடவேண்டாம் என்று நினைவூட்டுங்கள்.

"ஐந்து மணித்தியால ஒப்பரேஷன்" என்றால் தியேட்டருக்குள் ஏழு மணித்தியாலம் ஆகலாம். நித்திரையாக்க, குழாய், வயர் எல்லாம் பூட்ட, கவிழ்த்துப் படுக்கவைக்க, பின் எழுப்பிக் கவனிக்க நேரம் போகும். ஐந்து மணித்தியாலம் கடந்ததும் வாசலில் நின்று அழவேண்டாம். நான் அழுதேன்.

எழும்பியதும் தொண்டை கரகரக்கும், குளிர் நடுக்கம் வரும், இரண்டு வழியிலும்தான். வயதானவர்கள் நாள் தெரியாமல், இடம் தெரியாமல் கதைப்பதும் உண்டு. மருந்தைக் குறைசொல்லுமுன் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கொடுத்துப் பாருங்கள், தமிழில் மெல்லக் கதையுங்கள். வேற்று மொழி கேட்கிற வாட்டில் தெரிந்த குரல் ஒன்று போதும், ஆள் பாதி திரும்பிவிடுவார். அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது, "சத்தி வரேல்லையே, இன்னும் ஒப்பரேஷன் செய்யேல்லையா?"

ஓங்காளமோ நோவோ தாங்கமுடியாமல் இருந்தால் உடனே நேர்ஸிடம் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வதால் ஒரு நன்மையும் இல்லை. முதல் 24 மணித்தியாலம் காணி, வங்கி என்று எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள். திரும்பும் வேனில் தம்புள்ளையிலாவது நிறுத்தி, டொக்டர் அனுமதித்தால் கொஞ்சம் நடக்கவையுங்கள், காலில் இரத்தம் கட்டாமல் இருக்க.

10. துண்டு வெட்டுமுன் ஒரு வரி

டயக்னோசிஸ் அட்டையில் ஒப்பரேஷன் விவரம் இருக்கும், மயக்கம் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெளிக்கிடுமுன் வாட்டு டொக்டரிடம் கேட்டு எழுதுவியுங்கள்: எந்த வழி, எந்த மருந்து, குழாய் போடக் கஷ்டமாக இருந்ததா, சத்தி வந்ததா. அம்மாவின் அட்டையில் இப்போது இரண்டு வரி இருக்கிறது. சித்தப்பாவின் அட்டையில் மூன்று வரி, வாய் திறப்பு இரண்டு விரல், கமரா தேவை என்று சிவப்பு மையில். இரண்டையும் போனில் படம் பிடித்துத் தங்கச்சிக்கும் மச்சானுக்கும் அனுப்பிவிட்டு, மூல அட்டைகளை ஃபைலுக்குள் போட்டுச் சாமி அறையிலிருந்து வாசல் அலுமாரிக்கு மாற்றிவிட்டேன். பஞ்சாங்கத்துக்கு அடியில் இனி ஒன்றும் வைப்பதில்லை.